எல்லையில் ஒரு ஊர், கையில் பல சட்டங்கள்

கைது செய்வதால் மட்டும் போதை மருந்து ஒழியாது என்பது போலீசுக்கே தெரியும். பஞ்சாயத்து, ஆர்.டி.ஓ., சிவில் நீதிமன்றம், அரசு மருத்துவமனை என்று ஊரின் கையில் வேறு ஆயுதங்களும் இருக்கின்றன. எடுத்துப் பயன்படுத்துவோர்தான் குறைவு.

நெய்யாற்றின்கரை வட்டம், பாறசாலை சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது குன்னத்துகால் கிராமப் பஞ்சாயத்து. ரப்பர் மரங்கள், ஏறி இறங்கும் சாலைகள், காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி. கொஞ்ச தூரம் போனால் கன்னியாகுமரி மாவட்டம் வந்துவிடும். வேலி கிடையாது. கடைப் பலகையில் எழுத்து மாறுவதை வைத்துத்தான் மாநிலம் மாறியது தெரியும். பெண் எடுப்பதும் கொடுப்பதும் இரு பக்கமும் உண்டு. சாமான் வாங்க அங்கிருந்து மார்த்தாண்டத்துக்குப் போகிறார்கள். வைத்தியத்துக்கு இங்கே காரக்கோணத்துக்கு வருகிறார்கள். 1956 நவம்பர் 1-ந் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. அன்று வரைபடத்தில் விழுந்த கோடு உறவுகளைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

ஆனால் சட்டத்தை அமல்படுத்துபவர்களை அந்தக் கோடு நிறுத்தி வைக்கிறது. கேரளத்தில் போதை மருந்தைப் பிடிப்பதற்குப் போலீசுடன் தனிச் சீருடை போட்ட கலால் துறையும் உண்டு; தேசிய நெடுஞ்சாலையில் அமரவிளையில் இருக்கும் அதன் சோதனைச் சாவடி இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. தமிழ்நாட்டில் அந்த வேலை போலீசின் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுக்கு. இரண்டு மாநிலம், இரண்டு துறை, வழக்குப் பதிவுக்கு இரண்டு மொழி. பொட்டலம் விற்பவனுக்கோ இரண்டும் ஒரே தெரு. இந்தப் பக்கம் ஜீப் வந்தால் அந்தப் பக்கம் டீ குடித்துவிட்டு வருவான்.

கேரளம் கைது செய்வதில் சோம்பேறி அல்ல. போதை மருந்துத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2024-ல் அங்கே பதிவான வழக்குகள் 27,000-க்கு மேல். போதைக்குப் பெயர் போனதாகச் சொல்லப்படும் பஞ்சாபில் அதே ஆண்டு சுமார் 9,000. இதை வைத்து கேரளம் பஞ்சாபைவிட மூன்று மடங்கு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. அதிகம் தேடினால் அதிகம் சிக்கும். ஆனால் சிக்குவது யார் என்பதே கேள்வி. வழக்குகளில் பெரும்பகுதி, கையில் சிறு அளவோடு பிடிபட்டவர்கள் மீதானவை. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவைத் தாண்டினால்தான் வணிக அளவு. எம்.டி.எம்.ஏ. என்றால் அரை கிராமும் 10 கிராமும். ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா ரயிலேறி வருகிறது. எம்.டி.எம்.ஏ. பெரும்பாலும் பெங்களூர் வழியாக வருகிறது. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, ஊர்ப் பெட்டிக்கடையோரம் நிற்கும் 19 வயதுப் பையன். அறுத்தெடுக்கச் சுலபமான கண்ணி அதுதான். அறுத்த மறுநாளே வேறொன்று வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே, ஆளைப் பிடிப்பதோடு இடத்தையும் பிடிக்க வேண்டும் என்ற யோசனை உலகின் பல ஊர்களில் எழுந்தது. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரம் 1988-ல் தொடங்கிய முயற்சி இதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம். போதை விற்பனை நடக்கும் வீட்டுக்கோ கடைக்கோ போலீஸ் தனியாகப் போகவில்லை. கட்டட ஆய்வாளர், தீயணைப்புத் துறை, நகராட்சி ஊழியர் என்று ஒரு குழுவாகப் போனது. விதிமீறல்களைப் பட்டியல் போட்டுக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்தது. சரி செய்யாவிட்டால் நகரின் வக்கீல் சிவில் வழக்குப் போடுவார். லோரெய்ன் மசரோல் தலைமையிலான ஆய்வாளர்கள் 100 இடங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் இந்த முறையையும் மறுபாதியில் வழக்கமான போலீஸ் வேலையையும் வைத்துப் பார்த்தார்கள். 2000-த்தில் வெளியான முடிவு: குடியிருப்புப் பகுதிகளில் இந்த முறை நன்றாகவே வேலை செய்தது.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

முதலில், பொதுத் தொல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 133-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவாகியிருக்கிறது. ஊராரின் உடல்நலத்துக்கோ நிம்மதிக்கோ ஒரு தொழிலோ கட்டடமோ கேடு செய்தால், அதை நிறுத்தும்படியோ அகற்றும்படியோ சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட் நிபந்தனை உத்தரவு போடலாம். எதிராளி வந்து தன் பக்க நியாயத்தைச் சொல்லலாம். ஒருவரைக் குற்றவாளி என்று நிரூபித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. இந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்தவர் கேரளத்துக்காரரான நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். ரத்லம் நகராட்சி வழக்கில் 1980-ல் அவர் எழுதிய தீர்ப்பு, சாக்கடை நாற்றத்தில் தவித்த மக்களுக்காக ஒரு நகராட்சியையே வேலை செய்ய வைத்தது. காசில்லை என்று நகராட்சி சொன்ன சாக்கு எடுபடவில்லை.

இரண்டாவது, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 91-வது பிரிவு. பொதுத் தொல்லையை நிறுத்தக் கோரி, நீதிமன்ற அனுமதியுடன் இரண்டு பேர் சேர்ந்து வழக்குப் போடலாம். தங்களுக்குத் தனிப்பட்ட நஷ்டம் நேர்ந்தது என்று காட்டவேண்டிய அவசியம் இல்லை. ஒரு தெருவில் குடியிருக்கும் இரண்டு அம்மாக்கள் போதும்.

மூன்றாவது, இடம் கொடுத்தவர் மீதான பொறுப்பு. தன் வீட்டையோ கடையையோ வாகனத்தையோ போதை மருந்துக் குற்றத்துக்குத் தெரிந்தே விட்டுக் கொடுப்பவருக்கு, குற்றம் செய்தவனுக்குரிய தண்டனையே உண்டு என்கிறது 1985-ம் வருடச் சட்டத்தின் 25-வது பிரிவு. 'தெரிந்தே' என்ற சொல் முக்கியம். வாடகை வாங்கிக்கொண்டு வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பஞ்சாயத்திடமிருந்து ஒரு பதிவுத் தபால் போய்ச் சேர்ந்த பிறகு, தெரியாது என்று சொல்வது அவ்வளவு சுலபமல்ல. பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கு அந்தத் தபாலே போதும்.

நான்காவது, குழந்தைகளுக்கான பாதுகாப்பு. பள்ளி, கல்லூரிகளிலிருந்து 100 கஜத்துக்குள் சிகரெட், புகையிலை விற்கக் கூடாது என்பது 2003-ம் வருடச் சட்டம். சிறுவருக்குப் போதை மருந்து கொடுப்பவருக்கும், சிறுவரை வைத்து விற்பவருக்கும் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது 2015-ம் வருடச் சிறார் நீதிச் சட்டம். பீடிக்கட்டும் பாக்கும் விற்கிற கடைக்கு உரிமம் கொடுப்பதும் ரத்து செய்வதும் பஞ்சாயத்தின் அதிகாரம். விதியை மீறும் பெட்டிக்கடைக்காரன் பயப்படுவது இருநூறு ரூபாய் அபராதத்துக்கு அல்ல, கடை மூடப்படுவதற்குத்தான்.

இத்தனையும் இருந்தும் ஏன் நடப்பதில்லை? காரணம் புரியாததல்ல. புகார் கொடுப்பவர் அதே தெருவில்தான் தூங்கி எழ வேண்டும். விற்பவன் பெரும்பாலும் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை. "அவன் அப்பனும் நானும் ஒன்றாகப் படித்தோம்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது எந்தக் கிராமத்திலும் சகஜம். தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று போதை மருந்துச் சட்டத்தின் 68-வது பிரிவு சொல்வது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் நம்புவதில்லை.

அந்த நம்பிக்கையை உண்டாக்கத்தான் கேரளப் போலீஸ் 2008-ல் 'ஜனமைத்ரி சுரக்ஷா' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 20 காவல் நிலையங்கள். நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான கமிஷனின் யோசனை அதற்கு அடிப்படை. ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு போலீஸ்காரர். அவர் வீடு வீடாகப் போய் முகம் பழக வேண்டும். ஊர்ப் பிரமுகர்கள், பெண்கள், ஆசிரியர்கள் கொண்ட குழு காவல் நிலையத்தோடு சேர்ந்து உட்கார வேண்டும். 2010-ல் மாணவர் போலீஸ் படையும் வந்தது; 2018-ல் அதை மத்திய அரசு நாடு முழுவதற்குமாக எடுத்துக்கொண்டது. காகிதத்தில் அருமையான ஏற்பாடு. பீட் போலீஸ்காரரை அமைச்சர் வருகைக்கும் திருவிழாப் பந்தோபஸ்துக்கும் இழுத்துக்கொண்டு போகாத வரை, நிஜத்திலும் நல்ல ஏற்பாடுதான்.

ஊரே காவலுக்கு இறங்குவதில் ஆபத்தும் உண்டு. அதை மூடி மறைத்துப் பயனில்லை. 2011-ல் கோழிக்கோடு மாவட்டம் கொடியத்தூரில் ஒழுக்கக் காவல் என்ற பெயரில் கூடிய கும்பல் ஓர் இளைஞரை அடித்துக் கொன்றது. 2018 பிப்ரவரியில் அட்டப்பாடியில் அரிசி திருடியதாகச் சொல்லி ஒரு ஆதிவாசி இளைஞரைக் கட்டி வைத்து அடித்தார்கள், அவரும் இறந்தார். படித்தவர்கள் நிறைந்த மாநிலம் என்ற பெருமை இருவரையும் காப்பாற்றவில்லை. 'விழிப்புக் குழு' என்று பெயர் வைத்ததும் முதல் சந்தேகம் விழுவது யார் மீது? வெளிமாநிலத் தொழிலாளி மீது. நீளமாக முடி வளர்த்த பையன் மீது. எல்லையூரில், பேச்சில் வேறு வாடை அடிக்கிறவன் மீது. இங்கே தமிழ் பேசுகிறவனும் அங்கே மலையாளம் பேசுகிறவனும் ஒரே நாளில் சந்தேகத்துக்குரிய ஆளாகிவிட முடியும்.

சட்டம் இதையும் யோசித்திருக்கிறது. வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்து ஒருவரைக் கைது செய்யவோ சோதனையிடவோ வைத்தால், கொடுத்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது அதே சட்டத்தின் 58-வது பிரிவு. காரணமில்லாமல் சோதனை போடும் அதிகாரிக்கும் அந்தப் பிரிவில் தண்டனை உண்டு. வரப்புத் தகராறைக் கஞ்சா வழக்காக மாற்றப் பார்ப்பவர்கள் இதைப் படித்துக்கொள்வது நல்லது.

சிவில் வழியிலும் அப்பாவிகள் அடிபடுவார்கள் என்பதை அமெரிக்கா காட்டியிருக்கிறது. அரசுக் குடியிருப்பில் உறவினரோ விருந்தாளியோ போதை மருந்து வைத்திருந்தால், தனக்குத் தெரியாது என்று சொல்லும் குத்தகைதாரரையும் வெளியேற்றலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்புச் சொன்னது. வழக்கின் நாயகி 63 வயது மூதாட்டி. மில்வாக்கி நகரில் தொல்லைச் சொத்து நோட்டீஸ்களை ஆராய்ந்த மாத்யூ டெஸ்மண்டும் நிக்கோல் வால்டேசும் கண்டது இன்னும் கொடுமை. நோட்டீஸ்களில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கம், கணவனிடமோ காதலனிடமோ அடி வாங்கிய பெண்கள் போலீசைக் கூப்பிட்டதால் வந்தவை. கறுப்பர் வாழும் தெருக்களுக்கே அதிகம் போயின. வீட்டுக்காரர் செய்த முதல் காரியம், அந்தப் பெண்ணைக் காலி செய்யச் சொன்னது. இடத்தைச் சுத்தம் செய்வதாக நினைத்து ஆளைத் தெருவில் நிறுத்திவிடும் ஆபத்து இந்த முறையிலேயே இருக்கிறது. இந்தியாவில் குடும்பமே ஒரு கூரையின் கீழ் வாழ்வதால் அந்த ஆபத்து கூடுதல். மகன் விற்றான் என்பதற்காகத் தாயின் பெட்டிக்கடை உரிமத்தைப் பறித்தால், அந்த வீட்டில் உலை வைக்க வேறு வழியில்லாமல் போகலாம். பிறகு அவன் விற்பதைத் தவிர வேறென்ன செய்வான்?

அதனால்தான் எச்சரிக்கை, அவகாசம், விசாரணை, அப்புறம் நடவடிக்கை என்ற வரிசை முக்கியம். பக்கத்துத் தீவில் அந்த வரிசை தலைகீழாக நடந்தது. இலங்கையில் 2023 டிசம்பர் 17 முதல் 'யுக்திய' என்ற பெயரில் நடந்த வேட்டையில் ஒரு மாதத்துக்குள் 29,000-க்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள் என்று சொல்லி, ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் கண்டனம் தெரிவித்தார்கள். கைதானவர்களில் பெருங்கூட்டம் ஏழைக் குடியிருப்புக்காரர்கள்.

இன்னொரு திசையில் போனது போர்ச்சுகல். 2001 ஜூலை முதல் அங்கே சொந்த உபயோகத்துக்காகப் பத்து நாள் அளவுக்குள் வைத்திருப்பது குற்றவியல் வழக்கே அல்ல. பிடிபட்டவர் கோர்ட்டுக்குப் போவதில்லை. சட்டம், மருத்துவம், சமூகப் பணி தெரிந்தவர்கள் உட்காரும் மூவர் குழுவின் முன்னால் போகிறார். விற்பவனுக்கு அங்கேயும் சிறைதான்.

இந்தியச் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனாலும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 64ஏ பிரிவின்படி, போதைக்கு அடிமையான ஒருவர் உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது. பாதியில் விட்டுவிட்டால் சலுகை போய்விடும். 39-வது பிரிவின்படி, தண்டனை தருவதற்குப் பதிலாக நீதிமன்றமே சிகிச்சைக்கு அனுப்பலாம். கேரளத்தில் 2016-ல் தொடங்கிய 'விமுக்தி' திட்டம் மாவட்டத்துக்கு ஒரு போதை மீட்பு மையம் அமைத்தது. திருவனந்தபுரம் மாவட்டத்துக்கான மையம் எங்கே இருக்கிறது தெரியுமா? தலைநகரத்தில் அல்ல, நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில். குன்னத்துகால்காரர்களுக்குப் பஸ் தூரம். 14405 என்ற இலவச எண்ணும் உண்டு.

ஆனால் மையத்தின் வாசலுக்குப் பையனை யார் அழைத்துப் போவது? அப்பா, அம்மாவுக்கு வெட்கம். "ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்வி, வியாதியைவிடப் பெரிய வியாதி. போலீஸ் வரட்டும் என்று காத்திருந்தால் வழக்கு வந்துவிடும். வழக்கு வந்தால் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் சான்று கிடைப்பது சிக்கல். வளைகுடா வேலைக் கனவு தள்ளிப்போகும். பிழைக்க வழியில்லாமல் பொட்டலம் விற்கத் தொடங்கினால் அடுத்த கட்டம் வேறு பிரிவு, வேறு தண்டனை. ஒரு வார்டு மெம்பரோ, குடும்பஸ்ரீ அக்காவோ, சர்ச் பாதிரியாரோ, பீட் போலீஸ்காரரோ சரியான சமயத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினால் இந்தப் பாதை திரும்பிவிடும். சமூகக் காவல் என்பதற்கு அர்த்தம் அதுதான். இரவில் தடியோடு ரோந்து போவது அல்ல.

எல்லைப் பிரச்சினைக்கும் வழி இல்லாமலில்லை. தொடர்ந்து குற்றம் செய்கிறவரை ஒரு வருடம் வரை மாவட்டத்துக்குள் நுழையவிடாமல் தடுக்க கேரளத்தின் 2007-ம் வருடச் சமூக விரோதச் செயல் தடுப்புச் சட்டம் இடம் தருகிறது. திருச்சூரில் அது பெரிய தண்டனையாக இருக்கலாம். குன்னத்துகாலில் அதற்கு அர்த்தம், சாலையைத் தாண்டி மாமா வீட்டில் போய்த் தங்குவது. அங்கிருந்தே வியாபாரமும் நடக்கும். தமிழ்நாட்டுப் போலீசிடம் 1982-ம் வருடத் தடுப்புக் காவல் சட்டம் இருக்கிறது. அவர்கள் துரத்தினால் ஆள் இந்தப் பக்கம் வருவான். ஒரு மாநிலம் போட்ட உத்தரவின் நகல் மறு மாநிலத்தின் காவல் நிலையத்துக்கு அன்றைக்கே போனால்தான் இரண்டு சட்டத்துக்கும் பல் முளைக்கும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை; இரண்டு இன்ஸ்பெக்டர்களும் மாதம் ஒருமுறை சந்தித்துப் பேசினால் போதும். இரண்டு பக்கத்துப் பஞ்சாயத்துத் தலைவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தால் இன்னும் நல்லது. எந்தக் கடையில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

கஞ்சாவைப் பற்றியே பேசிக்கொண்டு மதுவை மறப்பதும் சரியல்ல. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்களில் மது குடிப்போர் 14.6 சதவிகிதம், கஞ்சா வகைகளை உபயோகிப்போர் 2.8 சதவிகிதம். கேரளம் 1996-ல் சாராயத்தை ஒழித்தது. ஆனால் இரண்டு மாநிலங்களிலும் மதுவை விற்பது அரசு நிறுவனங்களே. அப்பன் அரசுக் கடையில் வாங்கிக் குடித்துவிட்டு வந்து, மகனிடம் "போதை வேண்டாம்" என்று சொல்லும் வீட்டில் எந்தப் பிரசாரமும் எடுபடுவது கஷ்டம்.

கேரளப் பஞ்சாயத்துச் சட்டப்படி ஒவ்வொரு வார்டிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கிராம சபை கூட வேண்டும். ரோடு, குழாய், வீட்டு மானியம் என்று பேசி முடித்துக் கலைகிறார்கள். அடுத்த கூட்டத்தில் நான்கு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கு 100 கஜத்துக்குள் எத்தனை கடைகளில் புகையிலை விற்கிறது? புகார் வந்த கட்டடங்களின் சொந்தக்காரர்களுக்குத் தபால் போனதா? கடந்த மூன்று மாதத்தில் பீட் போலீஸ்காரர் எத்தனை வீட்டுக்குப் போனார்? நெய்யாற்றின்கரை மையத்துக்கு இந்த வார்டிலிருந்து எத்தனை பேரை, பெயர் வெளியே தெரியாமல், அனுப்பி வைத்தோம்? கடைசிக் கேள்விக்குப் பதில் பூஜ்யம் என்றால், அந்த வார்டில் போதை இல்லை என்று அர்த்தமல்ல. பையன்கள் இன்னும் பெட்டிக்கடையோரம்தான் நிற்கிறார்கள், அவர்களை முதலில் சென்றடையப் போவது ஜீப்தான் என்று அர்த்தம்.